கைப்பிடிக்குக் கீழே

சர்வேயரின் கையில் இருந்த சுத்தியலைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்தெட்டு வயதான ஒரு பாய்மரப் படகின் தலையெழுத்தைச் சொல்ல வந்தவர், விளையாட்டுச் சாமானில் வருவதுபோல பிளாஸ்டிக் தலை வைத்த ஒரு சின்னச் சுத்தியலோடு வந்திருந்தார். நிலத்துக்கு இருப்பதுபோல படகுக்கும் சர்வேயர் உண்டு என்பதே அவளுக்குப் போன மாதம்தான் தெரியும். மனிதருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். இரண்டு முழங்காலிலும் ரப்பர் உறை, சட்டைப் பையில் டார்ச், இடுப்பில் ஒரு துணிப்பை. வந்ததும் செருப்பைக் கழற்றி ஏணிக்குக் கீழே ஜோடியாக வைத்தார். அதிலேயே அவளுக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

படகைக் கிரேன் வைத்துத் தூக்கி, படகுத்துறையின் பின்பக்கக் காலி இடத்தில் இரும்புக் கால்களுக்கு நடுவே நிறுத்தியிருந்தார்கள். தண்ணீரில் ஒய்யாரமாகத் தெரிவது தரைக்கு வந்ததும் வேறு மாதிரி இருந்தது. மேலே பளபளவென்று வெள்ளை. கீழே சிப்பி ஒட்டிச் சொறி பிடித்த அடிவயிறு.

"அவர் நல்லாருக்குன்னு சொல்லிட்டா திங்கக்கிழமை கையெழுத்து. பேச்சு மாறக் கூடாது," என்றான் கணவன்.

"மாறல," என்றாள் அவள்.

அந்தக் கையெழுத்து அவர்கள் குடியிருக்கும் வீட்டை விற்பதற்கு. மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு கூடம், மாலை வெயில் விழுகிற சமையலறை. இருவர் பேரிலும் இருக்கிறது. இன்னும் இரண்டு மாதத்தில் கணவனுக்கு ஓய்வு. வீட்டை விற்றுவிட்டுப் படகிலேயே குடியேறி, கரை கரையாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று பத்தொன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். மனிதர்கள் எதையாவது சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமே என்று அவளும் 'உம்' கொட்டிக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் வீடு வாங்க ஆள் வந்து, அவளுடைய சமையலறை ஜன்னலைத் திரைச்சீலைக்கு அளவெடுத்தபோதுதான் அந்த 'உம்' எல்லாம் சேர்ந்து சம்மதம் ஆகிவிட்டது என்று அவளுக்கு உறைத்தது.

ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "மூணாவது மனுஷர் ஒருத்தர் பாத்துச் சொல்லட்டும். அப்புறம் நான் வாயே திறக்கல."

"பத்தொன்பது வருஷமா நான் கண்ணுல வச்சுப் பாத்துக்கிட்ட படகை எவனோ வந்து தட்டிப் பாத்து சர்டிபிகேட் குடுக்கணுமா?" என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். எட்டாம் நாள் அவனே வந்து, "சரி, ஆளைப் பிடிச்சிட்டேன். இந்தத் துறையிலேயே சீனியர்," என்றான். பல் தேய்த்துக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

படகுக்குக் குடும்பத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு. சின்ன வீடு. அவளுடைய அக்கா வைத்தது. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினால், "என்னடி, மாப்பிள்ளை சின்ன வீட்டுக்குக் கிளம்பியாச்சா?" என்பாள். அவளும், "காலைல ஏழு மணிக்கே. புதுப் புடவை வேற எடுத்துக் குடுத்திருக்கார்," என்பாள். புதுப் புடவை என்றால் படகுக்குப் புதுப் பாய். அவனும் படகை 'அவ' என்றுதான் சொல்வான். இருவரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தனியாகக் கழிப்பது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

அவன் நீர்வழங்கல் அலுவலகத்தில் குழாய் வரைபடம் போடுகிறவன். அலுவலகத்தில் அவனை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. படகுத்துறையில் மட்டும் அவன் கேப்டன். யாரோ முதலில் கேலியாகத்தான் கூப்பிட்டார்கள். கேலியை அவன் கவனிக்கவே இல்லை. நாளடைவில் கூப்பிட்டவர்களும் மறந்துவிட்டார்கள்.

அவளுடைய வேலை காது. மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து சத்தங்களை அனுப்புவாள். கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். முப்பத்தோரு வருஷமாக இதைச் செய்கிறாள். கேட்காததைக் கேட்டதாக அமுக்குகிறவர்கள் உண்டு; கேட்டும் அமுக்காமல் இருப்பவர்களும் உண்டு. காதைவிட முகத்தைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கும். அவன் அதை "பீப் பீப் வேலை" என்பான். "சாயங்காலம் வந்தா தலையும் வலிக்காது, கையும் அழுக்காகாது. ராஜ உத்தியோகம்." அவ்வளவுதான். அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

சர்வேயர் அடிவயிற்றிலிருந்து ஆரம்பித்தார். ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனார். சில இடங்களில் விரல் நகத்தால் சுரண்டினார். சுக்கானை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கணவன் கூடவே நடந்துகொண்டு, கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டு வந்தான்.

"இந்தக் கொப்புளமெல்லாம் நாலு வருஷம் முன்னாடியே சுரண்டி எடுத்து, காயவச்சு, திரும்பப் பூசினது. நானே பண்ணினேன்!"

"ஆங்?"

"நானே! என் கையால!"

"நல்லா பண்ணிருக்கீங்க," என்றார் சர்வேயர்.

கொஞ்ச நேரத்தில் அவளுக்கு ஏதோ ஒன்று உறுத்தியது. சர்வேயர் கணவன் பேசும்போது அவன் கண்ணைப் பார்க்கவில்லை, உதட்டைப் பார்த்தார். அவன் பின்னாலிருந்து பேசினால் பதில் வரவில்லை. இடது பக்கம் நின்று பேசினால் கழுத்தைத் திருப்பி வலது காதைக் கொடுத்தார். இதெல்லாம் அவளுக்குப் புதிதில்லை. தினமும் பத்துப் பேர் அப்படித்தான் வருவார்கள். பாதிப் பேர் இயந்திர அறைகளில் வாழ்நாளைக் கழித்தவர்கள். அவர்களுக்குக் காது முழுக்கப் போய்விடாது. கனத்த சத்தம் கேட்கும். கூர்மையான, மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போகும். சாவி விழுவது, பறவை, குழந்தையின் பேச்சு. அவர்களுக்கே தெரியாமல் போகும்.

அவளை உறுத்தியது அதுகூட இல்லை. கணவன் வந்த நிமிஷத்திலிருந்தே அவரிடம் உரக்கத்தான் பேசினான். ஒருமுறை மெதுவாகப் பேசி, கேட்காமல், அப்புறம் குரலை உயர்த்தவில்லை.

உள்ளே கேபினில் ஒரு மணி நேரம் ஆனது. இன்ஜினின் அடியில் டார்ச் அடித்தார், பலகைகளைத் தூக்கினார், பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் மாட்டியிருந்த இரும்புத் தகடுகளைத் துணியால் துடைத்துப் பார்த்தார். கணவன் கூப்பிட்டதால் மேலே ஏறி, கேபின் படியில் நின்றபடி அவள் கவனித்தாள். கயிறு இழுக்கும் சக்கரம் ஒன்றின் அடியை அவர் ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இங்க பாருங்க," என்று அவளைக் கூப்பிட்டார். "இந்த மேல்தளம் முழுக்க சாண்ட்விச் மாதிரி. மேல ஒரு ஃபைபர் தகடு, கீழ ஒண்ணு, நடுவுல தக்கை மாதிரி லேசான மரம். இதுல ஓட்டை போட்டா அந்த மரத்துக்குத் தண்ணி இறங்கிடும். அதனால ஓட்டையைப் பெருசாப் போட்டு, உள்ள இருக்கற மரத்தைச் சுரண்டி எடுத்துட்டு, பிசினை ஊத்தி இறுக விட்டு, அப்புறம் அதுக்குள்ள ஓட்டை போட்டு திருகணும். ஒரு திருகுக்கு ரெண்டு நாள் ஆகும். நூத்துல ஒருத்தர் செய்வாங்க. உங்க வீட்டுக்காரர் ஒவ்வொரு திருகுக்கும் செஞ்சிருக்கார்."

கணவனின் முகம் பள்ளிப் பையனுடையதுபோல மலர்ந்தது. அவளுக்கும் ஒரு கணம் பெருமையாக இருந்தது. இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்கிற கை இவனுக்கு உண்டா, அதை நான் பார்த்ததே இல்லையே என்று ஒரு சின்ன வலியும் கூடவே வந்தது.

பிறகு மேல்தளம்.

முந்தின நாள் தூறியிருந்ததால் ஈரம் காட்டும் கருவியை சர்வேயர் பைக்குள் போட்டுவிட்டார். "இது இப்ப எங்க வச்சாலும் ஈரம்னுதான் காட்டும். சுத்தியல்தான் பேசணும்." மண்டியிட்டு, முன்நுனியிலிருந்து தட்டிக்கொண்டு பின்னோக்கி வந்தார். டக். டக். டக். சுத்தமான, உலர்ந்த, காதுக்கு இதமான சத்தம். அவள் அந்தச் சத்தத்தை விரும்ப ஆரம்பித்திருந்தாள். இந்தச் சத்தம் இப்படியே கடைசிவரை போனால் வீடு போய்விடும் என்பதுகூட ஒரு நிமிஷம் மறந்துபோனது.

கேபின் கூரையில், பாய்மரத்துக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி இருந்தது. முழங்கை நீளத்துக்கு மழமழவென்ற எஃகுக் கம்பி. அது அவளுடையது. அந்தப் படகில் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

ஒருமுறை, காற்றில் படகு சாய்ந்ததும் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் அவள் சறுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கட்டுப் போட்ட கையோடு, "எனக்குப் பிடிச்சுக்க ஒண்ணு போட்டுக் குடுங்க, இல்லேன்னா நான் இனிமே வரல," என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே அவன் அதைப் போட்டுவிட்டான். ஒரு மணி நேரத்தில். வீட்டுக்கு வந்து, "போய்ப் பிடிச்சுப் பாரு, யானையைக் கட்டலாம்," என்றான். யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் பதினான்கு வருஷமாக அவள் அந்தக் கைப்பிடியை மனதுக்குள் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பிறந்தநாளை மறந்தபோது, அவளுடைய அம்மாவின் காரியத்துக்கு அவன் படகிலிருந்து நேரே உப்புச் சட்டையோடு வந்து நின்றபோது, அந்தக் கைப்பிடியை நினைத்துக்கொள்வாள். கேட்டால் செய்கிறவன்தான், எனக்குக் கேட்கத் தெரியவில்லை என்று தன்னையே சமாதானம் செய்துகொள்வாள்.

சுத்தியல் அந்தக் கைப்பிடியை நெருங்கியது.

மேல்தளத்துக்கு ஏறியதிலிருந்து வாயே திறக்காமல் நின்ற கணவன் திடீரென்று பேச ஆரம்பித்தான். "சார்! மேல பாருங்க! பாய்மர உச்சியில அந்த விளக்கு, அது போன வருஷம் மாத்தினது! கம்பியெல்லாம் புதுசு! மொத்தமும் புதுசு!"

சர்வேயர் மேலே பார்த்துக்கொண்டே தட்டினார்.

தப்.

கேபின் படியில் நின்ற அவள் தலையைத் திருப்பினாள். தப். தப். ஈரச் சாக்கை அடிப்பதுபோல. கைப்பிடியைச் சுற்றி, அங்கிருந்து பாய்மரத்தின் கால்வரைக்கும். அதைத் தாண்டியதும் மறுபடி டக், டக். கணவனும் பேச்சை நிறுத்தினான். சர்வேயர் எந்த மாற்றமும் இல்லாமல் தட்டிக்கொண்டே பின்பக்கம் போனார்.

அவள் கணவனின் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கேட்டும் பட்டனை அமுக்காமல் இருப்பவர்களின் முகம் அது. அவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். சத்தம் போகும்போது மூச்சை நிறுத்துவார்கள். அது நின்றதும் எச்சிலை விழுங்குவார்கள்.

அவன் எச்சிலை விழுங்கினான்.

பதினொன்றரைக்கு வேலை முடிந்தது. சர்வேயர் படகின் நிழலில் ஒரு பெயின்ட் டப்பாவின்மேல் உட்கார்ந்து குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே, "வயசுக்கு ரொம்ப நல்ல படகு. சின்னச் சின்ன வேலை இருக்கு. தாராளமா போகலாம்," என்றார். கணவன் மூவருக்கும் டீ வாங்கி வந்தான். டீயைக் கையில் வைத்துக்கொண்டே மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"பாஸ் ஆயிட்டா! தாராளமா போகலாம்னுட்டாரு!"

"சூப்பர்ப்பா! கேப்டன், வாழ்த்துக்கள்! அம்மா என்ன சொல்றாங்க? அம்மா, இருக்கியா?"

"இருக்கேன்."

"என்னம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு? பயமா? அப்பாவோட கனவும்மா இது. வாழ்க்கையில ஒரு தடவையாவது நீயும் கொஞ்சம் ரிலாக்ஸா இரு. வீட்டையே கட்டிக்கிட்டு அழாத."

"சரிம்மா," என்றாள்.

டீயில் ஆடை படிந்துவிட்டது. அவள் அதை விரலால் ஒதுக்கிக்கொண்டே யோசித்தாள். இப்போது வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று எல்லாமே வரிசையாகத் தெரிந்தது. வீட்டை விடப் பிடிக்காமல் சாக்குச் சொல்கிறாள் என்பான். அதில் பாதி உண்மையும் இருந்தது, அதுதான் கஷ்டம். காலையில் ஏணியின் கீழே நின்று, ஏதாவது ஓட்டை கிடைக்காதா என்று அவள் வேண்டிக்கொண்டதும் உண்மை. கேட்க ஆசைப்பட்டதுதான் கேட்டதா? ஆசைக்குக் காது இருக்கிறதா என்ன? அவளுடைய அறையிலும் வருவார்களே, சத்தம் வரும் வரும் என்று காத்திருந்து, வராத சத்தத்துக்குப் பட்டனை அமுக்குகிறவர்கள். நான் அவர்களில் ஒருத்தியா?

வாயைத் திறக்காவிட்டால் திங்கட்கிழமை கையெழுத்து. இரண்டு மாதத்தில் கடல். ஒருநாள் காற்று பலமாக அடிக்கும்போது அவள் தன்னுடைய கைப்பிடியைத்தான் பிடித்துக்கொள்வாள். அப்போது அந்தப் பாய்மரத்தின் காலுக்குக் கீழே என்ன இருக்கும்?

டப்பாவின் பக்கத்தில் சுத்தியல் கிடந்தது. அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டாள்.

"ஏய், என்ன பண்ற?" என்றான் கணவன்.

ஏணியில் ஏறினாள். பத்தொன்பது வருஷத்தில் அந்தப் படகில் அவள் தானாக ஏறியது அதுதான் முதல்முறை. மண்டியிட்டு, நல்ல இடத்தில் ஒன்று தட்டினாள். கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒன்று. மறுபடி நல்ல இடம். மறுபடி கைப்பிடி.

"சார், மேல வாங்க," என்று கையால் சைகை காட்டினாள். சர்வேயர் வந்து எதிரே மண்டியிட்டார். அவர் உதட்டைப் படிக்க வசதியாக முகத்தை நேரே வைத்துக்கொண்டு, அவளுடைய அறையில் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "இங்க ஒரு சத்தம். இங்க வேற சத்தம்."

"எனக்கு ஒண்ணாத்தான்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்த்தார். அவளுடைய வேலை என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் ஏதோ புரிந்ததுபோல அவருடைய காது மடல்கள் சிவந்துவிட்டன. பையிலிருந்து திருப்புளியை எடுத்துக் கைப்பிடியின் ஒரு திருகைக் கழற்றினார். திருகு வெளியே வந்ததும், பின்னாலேயே துருக் கலந்த தண்ணீர் ஒரு கோடாக வழிந்து வெள்ளைத் தளத்தில் ஓடியது. ஓட்டைக்குள் கம்பியை விட்டுச் சுரண்டினார். ஊறிய காப்பித்தூள் மாதிரி கறுப்பாக வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கையை அவளிடம் நீட்டினார். அழுகின இலையின் வாடை.

"பாய்மரத்தோட கால் வரைக்கும் போயிருக்கும்," என்றார். அவர் குரல் இப்போது சன்னமாக இருந்தது. "மொத்த பாரமும் அங்கதான் நிக்குது. பெருங்காத்துல பாய்மரம் தளத்தைப் பொத்துக்கிட்டு உள்ள வந்துடும்."

பிறகு அவர் அந்த ஓட்டையின் ஓரத்தை நகத்தால் வருடினார். மற்ற ஏழு திருகுகளையும் கழற்றி அந்த ஓட்டைகளையும் வருடினார். ஏணியின் உச்சியில் நின்றிருந்த கணவனிடம், கேலியே இல்லாமல், நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"கேப்டன், மத்த எல்லா ஓட்டையும் அவ்வளவு பக்குவமா அடைச்சிருக்கீங்க. இந்தக் கைப்பிடியோட எட்டுத் திருகுக்கும் ஒண்ணுமே செய்யாம நேரா திருகிருக்கே. இது வேற யாரோ போட்டதா?"

கணவன் ஏணியில் ஒரு படி கீழே இறங்கினான்.

பதில் அவளுக்குத் தெரியும். ஒரு திருகுக்கு இரண்டு நாள். எட்டுத் திருகு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஒரு மணி நேரம். யானையைக் கட்டலாம்.

திரும்பும்போது காரில் இரண்டு சிக்னல் தாண்டியபின் அவன்தான் ஆரம்பித்தான்.

"நீ கேட்டேன்னுதான் போட்டேன். உனக்காகப் போட்ட ஓட்டையாலதான் அவ கெட்டா."

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"ஆறு வருஷமா."

"அந்தப் படகுலதான் என்னைக் கூட்டிட்டுப் போறதா இருந்தீங்க."

"ரெண்டு வருஷம் தாங்கும். நான் கணக்குப் போட்டேன். ரெண்டு வருஷம் போதும் எனக்கு. போற எடத்துல எங்கயாவது சரி பண்ணிக்கலாம்னு இருந்தேன். நீ என்னமோ உன்னைக் கடல்ல தள்ளப் போன மாதிரி பேசற."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடையொன்றில் மதியத்துக்கு இரும்புக் கதவை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிறீச்சொலி காருக்குள் வரை கேட்டது.

"அவருக்குக் காது சரியாக் கேக்காதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"துறையில எல்லாருக்கும் தெரியும்," என்றான். கொஞ்சம் கழித்து, "தெரிஞ்சும் எல்லாரும் அவரைத்தான் கூப்பிடறாங்க," என்றும் சேர்த்துக்கொண்டான், அது ஏதோ நியாயம் என்பதுபோல.

"நான் என்ன வேலை பாக்கறேன்னு தெரியுமா?"

அவன் உண்மையிலேயே குழம்பிப்போய் அவளைத் திரும்பிப் பார்த்தான். இந்த நேரத்தில் இந்தக் கேள்வி எதற்கு என்று. அவன் முகத்தில் அது மெல்ல மெல்ல இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கேட்கிற காது ஒன்று பக்கத்திலேயே நிற்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. ஏமாற்றியதுகூட அவளுக்கு அவ்வளவு எரியவில்லை. ஏமாற்றும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய ஆளாகக்கூட அவளை அவன் நினைக்கவில்லை. முப்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்து, இதற்குக்கூட அவள் கணக்கில் வரவில்லை.

திங்கட்கிழமை அவள் கையெழுத்துப் போடவில்லை. வீடு வாங்க வந்தவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். கணவன் அதற்குச் சண்டைகூடப் போடவில்லை. புதன்கிழமை இரண்டு பெட்டியில் துணியை அடுக்கி எடுத்துக்கொண்டு, "கொஞ்ச நாள் அங்க இருக்கேன். வேலை கெடக்கு," என்றான். படகைத் திரும்பத் தண்ணீரில் இறக்கித் துறையிலேயே கட்டிவைத்து, அதில் இருந்துகொண்டான்.

அக்கா போன் பண்ணினாள். "மாப்பிள்ளை எங்கடி?"

"சின்ன வீட்டுல."

அக்கா வழக்கம்போலச் சிரித்தாள். இந்தப் பக்கம் சிரிப்பு வராததால் நிறுத்தினாள்.

மகள் கோபித்துக்கொண்டாள். "ஒரு ஓட்டைக்காக அப்பாவைத் துரத்திட்டியே" என்றாள். எட்டு ஓட்டை என்று திருத்தத் தோன்றியது. திருத்தவில்லை.

மூன்று வாரம் கழித்து மருத்துவமனை வரிசையில் சர்வேயர் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். "நீங்கதான் இருப்பீங்கன்னு தெரியாது. விசாரிச்சா இங்க அனுப்பினாங்க," என்றார். உள்ளே போய் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, குழந்தைபோல இரண்டு கையாலும் பட்டனைப் பிடித்துக்கொண்டார். கனத்த சத்தத்துக்கெல்லாம் சரியாக அமுக்கினார். சத்தம் மெலிந்து கூர்மையானதும் கை நின்றுபோனது. அவள் அனுப்பிக்கொண்டே இருந்தாள். அவர் கண்ணாடி வழியே அவளுடைய தோளைப் பார்த்து, அது அசையும்போதெல்லாம் ஊகித்து அமுக்க ஆரம்பித்தார். அவள் எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

வெளியே வந்து, தன் காதின் வரைபடத்தில் கோடு சரிந்து விழுந்திருந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார். "கையில தெரியும்னு நெனச்சேம்மா. சுத்தியல் எகிறுறது வித்தியாசமா இருக்கும் இல்ல? கை சொல்லும்னு நெனச்சேன்." பிறகு, "எத்தனை படகை அனுப்பிருக்கேனோ," என்றார். சொல்வதற்கு ஆறுதலாக எதுவும் இல்லை. அந்த வேலையில் அவள் பொய் சொல்லிப் பழகவும் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேஜைமேல் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. அவன் தன் சாவியால் திறந்து வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பிரித்தாள். கைப்பிடி. கூடவே ஒரு பிளாஸ்டிக் பையில் எட்டுத் திருகுகள், துருவைத் துடைத்து, எண்ணெய் போட்டு. கடிதம் எதுவும் இல்லை. செய்தித்தாளின் ஓரத்தில் பென்சிலால் 'உன்னுது' என்று மட்டும் எழுதியிருந்தது. அவன் வரைபடங்களில் எழுதுகிற அதே சீரான எழுத்து.

ஆக, எட்டு ஓட்டைகளையும் இப்போது அடைத்திருப்பான். பெருசாக்கி, சுரண்டி எடுத்து, பிசினை ஊற்றி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் காத்திருந்து. அவள் இனி ஏறப்போவதில்லை என்று ஆனபிறகு.

நான்கு நாள் அந்தக் கைப்பிடி மேஜைமேலேயே கிடந்தது. தட்டைத் தள்ளி வைத்துச் சாப்பிட்டாள். ஐந்தாம் நாள் குளியலறையில் ஈரத்தில் கால் வழுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயது ஐம்பத்தெட்டு. கூப்பிட்டால் வர வீட்டில் ஆள் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கொத்தனாரை வரச்சொன்னாள்.

"ஸ்ட்ராங்கான சாமான்மா. இப்பல்லாம் இந்த மாதிரி வர்றதில்ல," என்று கைப்பிடியைத் தூக்கிப் பார்த்தார் கொத்தனார். "எங்க போடணும்?"

அவள் காட்டினாள். அவர் ட்ரில்லை எடுத்தார்.

"இருங்க," என்றாள். "முதல்ல தட்டிப் பாருங்க."

"டைல்ஸ்தானம்மா?"

"தட்டுங்க."

அவர் கையிலிருந்த ட்ரில்லின் பின்பக்கத்தால் டைலைத் தட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தப். ஒரு சாண் தள்ளி மறுபடி. தப்.

"இங்க வேணாம். இன்னும் கொஞ்சம் இடது பக்கம்."

"எல்லாம் ஒரே மாதிரிதான்மா இருக்கு," என்றார் கொத்தனார், கொஞ்சம் சலிப்போடு.

"இல்ல," என்றாள் அவள். "தட்டுங்க."